பெயரில்லாத இழைப்புளி

தோட்டத்தில் தச்சு வேலை செய்த தாத்தாமார் வீட்டில் பழைய இரும்பு இழைப்புளி இருந்தால் எடுத்துப் பாருங்கள். "இது யாரு செஞ்சது?" என்ற கேள்விக்கு, பெயர் தேய்ந்திருந்தாலும் அதன் உறுப்புகளே பதில் சொல்லும்.

அமெரிக்கரான லெனார்டு பெய்லி, அலகை ஏற்றி இறக்கத் திருகு வைத்து 1867-இல் காப்புரிமை பெற்றார். 1869-இல் அவரது தொழிலை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. பின்னர் பலரும் அதே அமைப்பைப் பின்பற்றினர்; குழப்பம் வந்ததே அதனால்தான்.

பழைய ஸ்டான்லிக்குக் கறுப்புப் பூச்சு. 1931 முதல் ஷெஃபீல்டு நகரிலிருந்து வந்த ரெக்கார்டுக்கு நீலம். ஆனால் பூச்சை மட்டும் நம்பிடாதீங்க, யாராவது மறுபடி பூசியிருக்கலாம். அலகை அழுத்தும் மூடியின் துளை அவரை விதை வடிவில் இருந்தால், அந்த ஸ்டான்லி 1933-க்கு முந்தியதல்ல.

மரப்பிடியில் கீறிய எழுத்து பெரும்பாலும் வைத்திருந்தவருடையது. லயத்துக் கதவையும் பள்ளி மேசையையும் இழைத்த கை அது. அந்தப் பெயரை எந்தப் புத்தகமும் சொல்லாது. பாட்டியிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள்.