விளாத்திகுளம் வட்டாரத்தில் பொது விடுமுறை நாட்கள்

விளாத்திகுளம், தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் வட்டங்களில் ஒன்று. ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய மூன்றும் நாடு முழுவதற்குமான தேசிய விடுமுறைகள். இவற்றின் தேதி மாறுவதில்லை. தமிழ்நாட்டில் மே 1-உம் இவற்றோடு சேரும். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டத்தின்படி இந்த நான்கு நாட்களுக்கும் பண்டிகை நாட்கள் ஐந்துக்கும் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சட்டம் முக்கியமானது.

மானாவாரிச் சம்சாரிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. காந்தி ஜயந்தி புரட்டாசி நடுவில் வரும். வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துப் புழுதி விதைப்பு நடக்கும் நேரம் அது. உளுந்து, பாசி, சோளம், பருத்தி எல்லாம் மழைக்கு முன்பே மண்ணுக்குள் போயாக வேண்டும். குடியரசு தினத்தன்று பயறுக்காட்டில் அறுப்பு நடந்துகொண்டிருக்கும். சுதந்திர தினம் ஆடிக் கடைசியில் வருவதால் காடு வெறுமையாகக் கிடக்கும். அன்றுதான் ஆட்கள் ஊரில் இருப்பார்கள்.

ஆட்கள் ஊரில் இருப்பது முக்கியம். ஏனென்றால் கிராமங்களில் மே 1-ஐயும் சேர்த்து இந்த நான்கு நாட்களும் கிராம சபை கூடும் நாட்கள். மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து இப்போது ஆண்டுக்கு 6 முறை சபை கூடுகிறது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும். குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் காலையில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், வேப்பமரத்தடியிலோ சமுதாயக் கூடத்திலோ வரவு செலவு வாசிக்கப்படும். குடிநீர்க் குழாய், கண்மாய்க் கரை, நூறு நாள் வேலை என்று கேள்விகள் எழும். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தோ கைநாட்டோ விழும். தேசிய விடுமுறைக்கு இதைவிடப் பொருத்தமான பயன் இருக்க முடியாது. விளாத்திகுளம் நகரம் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது.

பண்டிகை விடுமுறைகள் பலவற்றின் தேதி மாறும். பொங்கல் சூரியனைப் பின்பற்றுவதால் ஜனவரி 14 அல்லது 15-இல் நின்றுவிடும். தீபாவளி ஐப்பசித் தேய்பிறையைப் பார்த்து வரும். ரம்ஜானும் பக்ரீத்தும் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். பிறை பார்த்துத் தலைமைக் காஜி அறிவித்த பிறகே நாள் உறுதியாகும்.

இவை தவிர, மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறையும் உண்டு. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழாவுக்காக ஆகஸ்டு 5 அன்று விடும் விடுமுறை அத்தகையது. இது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராததால் வங்கிகளுக்குப் பொருந்தாது. கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும். ஈடாக ஒரு சனிக்கிழமை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வேலை நாளாகும்.

பக்கத்து எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியின் பிறந்தநாளான டிசம்பர் 11 பொது விடுமுறை அல்ல. அது நல்லதே. பள்ளி நாளாக இருப்பதால்தான் பிள்ளைகள் சேர்ந்து பாரதி பாட்டைப் பாட முடிகிறது.