சார்பும் சூனியமும்

சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பதினான்கு மதங்களை எடுத்தோதி மறுத்தருளினார். அவற்றுள் நான்கு பௌத்தர்க்குரியன. சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்போர் அந்நால்வர். இவருள் மாத்தியமிகரைச் சூனியவாதியர் என்றும், யோகாசாரரை விஞ்ஞானவாதியர் என்றும் கூறுப. "சூனியவாதி ஒன்றும் இல்லை என்பான், இல்லை என்று சொல்லும் அவன் உளனன்றோ?" என்னும் ஒரு வினாவால் இவ்வாதத்தை முடித்துப் போதல் நம்மவருட் பலர்க்கு வழக்கமாயிற்று. அவ்வினாவில் உண்மையுண்டு. ஆயினும் எதிரி சொல்லாத ஒன்றை மறுத்தலால் நம் கொள்கை வலிபெறாது. பிறர் கோளை அவர் கொண்டவாறே நிறுத்திப் பின்னர் மறுத்தலே நூலோர் நெறியாகலின், சூனியவாதமும் விஞ்ஞானவாதமும் தோன்றி வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

புத்தர் நிலைபெற்ற ஆன்மா ஒன்று உண்டென உடன்பட்டிலர். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்களின் கூட்டமே ஆள் எனப்படுவதென்றார். பின்வந்த வைபாடிகர் அக்கூட்டத்தை மேலும் பகுத்து, எழுபத்தைந்து தருமங்கள் உளவென்றும், அவை ஒவ்வொன்றும் தனக்கெனச் சுபாவம் உடையதென்றும் கணக்கிட்டனர். ஆளை இல்லையென்றவர் தருமங்களை உள்ளனவாகக் கொண்டார் என்பது கருதத்தக்கது.

இக்கணக்கினை அடியோடு அசைத்தவர் நாகார்ச்சுனர். இவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டையொட்டித் தென்னாட்டில், சாதவாகனர் ஆட்சிக்காலத்தில் வாழ்ந்தவர் என்ப. இவர் இயற்றிய மத்தியமக காரிகை 27 பகுதிகளை உடையது. காரணம், இயக்கம், காலம், வினை, ஆள், வீடு என ஒவ்வொன்றாக எடுத்து, 'இது தன் சுபாவத்தால் நிற்பதாயின் பிறிதொன்றைச் சாராது நிற்றல் வேண்டும். அங்ஙனம் நிற்பது யாது?' என்று இந்நூல் வினவிச் செல்லும். விதையைச் சார்ந்து முளையும், விறகைச் சார்ந்து தீயும், மகனைச் சார்ந்து தந்தை என்னும் பெயரும் தோன்றுகின்றன. சார்ந்து தோன்றுவது எதுவோ அது தனக்கெனச் சுபாவம் அற்றது. அச்சுபாவமின்மையே சூனியம் எனப்பட்டது. ஆகவே அவர் கருத்திற் சூனியம் என்பது இன்மைப் பொருட்டன்று, சார்பின் மறுபெயரேயாம்.

'எல்லாம் சூனியமாயின் பந்தமும் வீடும், குருவும் மாணாக்கனும் எங்ஙனம் கூடும்?' என்னும் தடையை நாகார்ச்சுனரே தம் நூலின் 24-ஆம் பகுதியில் எழுப்பிக்கொண்டார். சுபாவத்தால் நிலைபெற்றது மாறாது. மாறாதாயின் பந்தமுற்றவன் வீடெய்தலும், அறியாதவன் அறிதலும் நிகழா. சூனியமாதலினாலேயே அவை நிகழும் என்பது அவர் விடை. சூனியத்தையே ஒரு பொருளெனப் பற்றுவோரைத் தேற்றுதல் அரிதென்றும், அதனைத் தவறாகப் பற்றுதல் பாம்பினைத் தவறாகப் பிடித்தல் போலுமென்றும் அவர் எச்சரித்தார். உலக வழக்கில் எல்லாம் உள்ளனவே என்றும், பரமார்த்தத்திற் சுபாவமுடையது ஒன்றுமில்லை என்றும் இருவகை வாய்மை கொண்டமையின், அவரை வெறும் நாத்திகர் எனல் பொருந்தாது.

இனி, சூனியத்தை உணர்வது யாது என்னும் வினா எழுந்தது. இதற்கு விடை கூறப் புகுந்தோர் யோகாசாரர். இக்காலத்துப் பெசாவர் எனப்படும் புருசபுரத்தவராகிய அசங்கரும் அவர் தம்பி வசுபந்துவும் இக்கொள்கையை வகுத்து நிறுத்தினர். வசுபந்து இயற்றிய விம்சதிகையும் திரிம்சிகையும் இதற்குத் தலைமை நூல்கள். இவற்றின் வடமொழி மூலம் 1925-இல் பாரிசு நகரில் அச்சேறியது. கனவிற் புறப்பொருள் இன்றியும் காட்சி நிகழ்தல்போல நனவிலும் அறிவே பொருள்போலத் தோன்றுகின்றது என்பது அவர் கோள். ஐம்பொறி அறிவு ஐந்து, மன அறிவு ஒன்று, 'யான்' என மயங்கும் மனம் ஒன்று, இவற்றிற்கெல்லாம் அடியாய் வினைவித்துக்களைத் தாங்கி ஆற்றொழுக்குப்போல ஓடும் ஆலய விஞ்ஞானம் ஒன்று என அறிவு எண்வகைப்படும். இவ்வாலய விஞ்ஞானத்தை மூடர் ஆன்மாவென மயங்குவராதலின் அவர்க்கு அதனை உரைத்திலேம் என்று சந்திநிர்மோசன சூத்திரம் கூறுகின்றது. ஆன்மாவை மறுத்தோர் தம் கொள்கை அதனை அணுகி நிற்றலைத் தாமே உணர்ந்தனர் என்பது இதனாற் போதரும்.

இவ்வாராய்ச்சியிற் காஞ்சிமாநகர்க்கும் பங்குண்டு. அளவை நூலில் பேராசிரியராகிய திங்நாகர் காஞ்சியை அடுத்த ஊரிற் பிறந்தவர் எனத் திபேத்திய வரலாறு கூறும். 6-ஆம் நூற்றாண்டினராகிய தருமபாலர் காஞ்சி அமைச்சர் ஒருவரின் மகனார் என்றும், மணநாளின் முன்னிரவில் நீங்கித் துறவு பூண்டார் என்றும் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதினார். தருமபாலர் நாலந்தாவில் தலைமை எய்தினார். அவர் மாணாக்கர் சீலபத்திரர். சீலபத்திரரிடம் பயின்றவர் யுவான் சுவாங். அவ்யாத்திரிகர் 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கும் வந்தார். 659-இல் திரிம்சிகைக்குத் தருமபாலர் கொண்ட பொருளையே தலைமையாக வைத்துச் சீனமொழியில் ஒரு பெருநூல் யாத்தார்.

இவ்விரு சாராரும் தம்முள் ஒத்தவரல்லர். அறிவு பொருளை அறியும்போதே தன்னையும் அறியும் என்றார் திங்நாகர். கத்தி தன்னைத்தான் வெட்டாது, விரல்நுனி தன்னைத்தான் தீண்டாது. அதுபோல அறிவும் தன்னைத்தான் அறியாது என்று 7-ஆம் நூற்றாண்டினராகிய சந்திரகீர்த்தி முதலிய மாத்தியமிகர் மறுத்தனர்.

தமிழில் மணிமேகலையின் இறுதிக் காதைகள் பௌத்த அளவையையும் பன்னிரு நிதானங்களையும் விரிக்கின்றன; நிதானத்தைச் சார்பு என்னும் சொல்லால் வழங்குவது அந்நூல். முதலாம் இராசராசன் நாகைச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளித்தான். அந்நாகையிற் கிடைத்த புத்தபடிமங்கள் 11-ஆம் நூற்றாண்டு முதற் பல நூற்றாண்டுகள் அங்கே பௌத்தம் வழங்கியதைக் காட்டுகின்றன. பழைய கோபுரம் ஒன்று 1867 வரை நின்றது. எனவே நம் ஆசிரியர் மறுத்தது ஏட்டளவில் நின்ற மதத்தையன்று. கண்ணெதிரே உலவிய மதத்தையே என்க.

இனி நம் விடை யாதெனின்: மெய்கண்டார் சிவஞான போதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் ஆன்மா உண்டென்பதற்குக் காட்டிய ஏதுக்களுள் முதலாவது, இலதென்று சொல்லும் அறிவு உண்மை. இறுதியாவது, உணர்த்த உணர்தல். நம்மவர் முதலேதுவையே பெரிதும் எடுத்தாள்வர். நாகார்ச்சுனரோ வழக்களவில் அறிபவன் உண்மையை மறாமையின், அவரை எதிர்க்குமிடத்து இறுதியேதுவே உயிர்நிலையாம். பிறிதொன்றைச் சார்ந்து நிற்றல் சுபாவமின்மைக்கு ஏது என்றார் அவர். பிறர் உணர்த்தச் சார்ந்து உணர்தலையே ஆன்மா உண்மைக்கு ஏதுவாக்கினார் நம் ஆசிரியர். ஒரே சார்பு இருவர்க்கும் இருவேறு முடிபு தருதல் காண்க.

இவற்றுள் எது பொருந்தும்? பளிங்கை நோக்குக. செம்பொருளைச் சார்ந்தவழிச் சிவந்தும், கரும்பொருளைச் சார்ந்தவழிக் கறுத்தும் தோன்றலின் அதற்கெனச் சுபாவம் இல்லை என்பான் மாத்தியமிகன். நிறமே சுபாவமெனின் அவன் கூற்று மெய். ஆயின் அந்நிறங்களை ஏற்றற்குரிய தெளிவு செங்கல்லினிடத்து இல்லை, பளிங்கினிடத்தே உண்டு. சார்ந்ததன் வண்ணமாம் அத்தன்மையே பளிங்கின் சுபாவம். ஆன்மாவும் அத்தகையதே. மலத்தைச் சார்ந்து அறியாமையுற்றும் சிவத்தைச் சார்ந்து அறிவுற்றும் நிற்றலின் அது சதசத்து எனப்பட்டது. சுபாவமுடையது மாறாதென்னும் தடையும் இதனால் நீங்கும். மாறுவது சார்பேயன்றிச் சார்வதன்று.

கணந்தோறும் கெடும் அறிவின் தொடர்ச்சியே ஆலயம் எனின், கெட்டது தன் வித்தினைத் தோன்றாததற்குக் கொடுக்குமாறு எங்ஙனம்? கெடாது நிற்பது எனின், அது பெயர் மாறிய ஆன்மாவேயாம். அறிவு தன்னைத்தான் அறியாது என்று சந்திரகீர்த்தி கூறியதோ நமக்குப் பகையன்று. காணுங் கண் தன்னைக் காணாமையின், காட்டும் உயிர் வேண்டப்பட்டது; அறியும் உயிரும் தானே அறியமாட்டாமையின், அறிவிக்கும் முதல்வன் வேண்டப்படுவன். மாத்தியமிகன் சார்பெனக் கண்டு நின்றுவிட்ட இடத்தினின்று சித்தாந்தி சார்ந்து நிற்றற்கு உரிய பொருளை நாடி மேற்செல்கின்றான்.

சூனியம் என்னும் சொல்லை மெய்கண்டாரும் ஏழாஞ் சூத்திரத்தில் ஆண்டார். ஆண்டு அது பாழ் எனப் பொருள்படாது. சத்தாகிய சிவத்தின் முன் அசத்தாகிய பிரபஞ்சம் விளங்கித் தோன்றாமையையே குறிக்கும். ஞாயிற்றின்முன் விண்மீன் தோன்றாமையால் அஃது இல்லை என்னலாமோ? பற்றத் தகாதனவற்றை விடுமாறு கூறிய அளவிற் பௌத்தர் உரை பயனுடைத்து. விட்ட உயிர் சார்ந்து நிற்றற்குத் திருவடி ஒன்று உண்டென்பதை அவர் கண்டிலர். அதனைக் காட்டுதலே நம் ஆசிரியர் பரபக்கத்தின் பின்னர்ச் சுபக்கம் வைத்ததன் பயன் என்க.

மெய்கண்டார் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்.