பன்னி சௌ

பன்னி சௌ என்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினரிடையே பிறந்த உணவு. வெட்டாத முழு பிரெட்டைக் குறுக்கே அரிந்து, நடுவிலிருக்கும் மெத்தென்ற பகுதியைக் குடைந்தெடுத்து, அந்தக் குழியில் காரக் குழம்பை நிரப்பி, எடுத்த துண்டையே மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். கால், அரை, முழு என்று பிரெட்டின் அளவைச் சொல்லியே கடையில் கேட்பது வழக்கம்: 'கால் மட்டன்', 'அரை பீன்ஸ்'.

பெயரைப் பார்த்துத் தமிழ் வாசகர் பன்றியையோ, ஆங்கிலம் அறிந்தவர் முயலையோ நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் இதில் இடமில்லை. குஜராத்தி வணிகர்களை டர்பனில் 'பனியா' என்றார்கள். அவர்களுடைய கடைச் சாப்பாடு என்ற பொருளில் 'பனியா சௌ' என்று வழங்கி, பிறகு மருவியது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 'சௌ' என்பது தென்னாப்பிரிக்கப் பேச்சு வழக்கில் சாப்பாடு.

கப்பலேறியவர்கள்

இந்த உணவின் கதை டர்பன் சமையலறையில் தொடங்குவதில்லை, சென்னைத் துறைமுகத்தில் தொடங்குகிறது. டர்பன் அடங்கிய நேட்டால் என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த 'பெல்வடேர்' பத்து நாள் கழித்துச் சேர்ந்தது. 1866இல் நின்றுபோன ஆள் ஏற்றம் 1874இல் மீண்டும் தொடங்கி 1911 வரை நடந்தது. இந்த ஐம்பதாண்டுகளில் போனவர்கள் ஏறக்குறைய 1,52,000 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகக் கப்பலேறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருடைய பெயர், தகப்பனார் பெயர், சாதி, ஊர், மாவட்டம், உடலிலுள்ள தழும்பு வரை குறித்துவைத்தார்கள். அந்தப் பட்டியல்களை ஆராய்ந்து சுரேந்திர பானா 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆள் அனுப்பிய தென்னிந்திய மாவட்டங்களின் முன்வரிசையில் நிற்பது வட ஆர்க்காடு. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி, போளூர், வந்தவாசி ஆகிய ஊர்கள் அன்று வட ஆர்க்காட்டில்தான் இருந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின் வடு ஆறாத ஊர்கள் அவை. ஆகவே இந்தக் கட்டுரையில் டர்பனையும் திருவண்ணாமலையையும் ஒன்றாகப் பேசுவது வலிந்து செய்யும் இணைப்பு அல்ல. டர்பனில் பன்னி சௌ சாப்பிடும் பலருடைய பூட்டனும் பூட்டியும் ஜவ்வாது மலைக்கும் அண்ணாமலைக்கும் சுற்றுவட்டாரத்திலிருந்து போனவர்கள்.

ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டு மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய், உப்பு ஆகியவற்றைப் படியாகத் தருவதாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். தோட்டத்தில் பல நேரம் அரிசிக்குப் பதில் மக்காச்சோளம் வந்தது. அதை உடைத்து, சோறு போலவே வேகவைத்து, மேலே குழம்பு ஊற்றிச் சாப்பிடப் பழகினார்கள். 'மீலி ரைஸ்' என்ற பெயரில் டர்பன் தமிழ் வீடுகளில் அது இன்றும் இருக்கிறது. அந்த மண்ணில் விளைந்த புள்ளி அவரையை, 'சுகர் பீன்ஸ்' என்பதை, பருப்பின் இடத்தில் வைத்தார்கள். சேப்பங்கிழங்கு ஜூலு மொழிப் பெயரோடு அடுப்பேறியது. கறிவேப்பிலையை வீட்டுக் கொல்லையில் நட்டார்கள். குழம்பின் இலக்கணத்தை விடாமல் பொருளை மட்டும் மாற்றிக்கொண்ட சமையல் இது. பன்னி சௌவை விளங்கிக்கொள்ள இதுதான் திறவுகோல்: குழம்பு பழையது, அதைத் தாங்குவது மட்டும் புதிது.

கிரே தெரு

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்களை நேட்டால் அரசு நிம்மதியாக இருக்க விடவில்லை. 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி. காந்தி 1913இல் நடத்திய வேலைநிறுத்தமும், சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மையின் தியாகமும் அந்த வரியை ஒழித்த போராட்டத்தின் பகுதிகள். வரி நீங்கியபோது தமிழர்களில் பலர் டர்பன் நகரத்துக்குள் வந்திருந்தார்கள். காய்கறி பயிரிட்டுத் தலைச்சுமையாக விற்றார்கள். ஓட்டல்களில் பரிமாறினார்கள். நகராட்சியின் துப்புரவு, சாலை வேலைகளில் சேர்ந்து 'மேகசின் பாரக்ஸ்' என்ற குடியிருப்பில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

இவர்களுக்கும், தம் காசில் பயணம் செய்து வந்த குஜராத்தி வணிகர்களுக்கும் பொதுவான கடைவீதி கிரே தெருவும் அதைச் சுற்றிய விக்டோரியா, ஆல்பர்ட் தெருக்களும். பன்னி சௌ இந்தச் சதுரத்துக்குள்தான் உருவானது. எப்படி என்பதற்கு டர்பனில் பல கதைகள் உண்டு. விக்டோரியா தெருவும் ஆல்பர்ட் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த கபிதான் உணவகத்தில் 1940களில் பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படுவது. கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை சுமந்த இந்தியப் பையன்கள் மதிய இடைவேளையில் கடைக்கு ஓடிவந்து, குழம்பை எடுத்துப்போகப் பாத்திரம் இல்லாமல் பிரெட்டில் ஊற்றி வாங்கிப்போனார்கள் என்பது இன்னொன்று. கரும்புக் காட்டுக்குச் சப்பாத்தியில் சுருட்டிக் கொண்டுபோன கறி பிய்ந்து கொட்டியதால் பிரெட்டுக்கு மாறினார்கள் என்பது மூன்றாவது.

எனக்கு வலுவாகப் படும் விளக்கம் வேறு. நிறவெறி அரசு 1948இல் பதவிக்கு வந்து, 1953இல் பொது இடங்களைச் சட்டமிட்டுப் பிரிப்பதற்கு முன்பிருந்தே, கறுப்பின மக்களை இந்திய உணவகங்களில் உட்கார வைத்துப் பரிமாற முடியாத நிலை இருந்தது. ஆனால் அவர்கள்தான் தெருவில் வேலை செய்தவர்கள், பசித்தவர்கள், காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்கள். பின்வாசல் வழியாகவோ சன்னல் வழியாகவோ உணவு கொடுக்க வேண்டும். தட்டு கொடுத்தால் திரும்பி வாங்க வேண்டும். பிரெட் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. மற்ற கதைகளிலும் இதே ஒன்று மறைந்து நிற்பதைக் கவனிக்கலாம்: உட்கார இடமும் உண்ணத் தட்டும் கிடைக்காதவர்களே எல்லாக் கதைகளின் நாயகர்கள். சாதியின் பெயரால் கொட்டாங்கச்சியில் தேநீர் ஊற்றிய நம் ஊர்க் கடைகளை அறிந்தவர்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது.

1950ஆம் ஆண்டு இனவாரிக் குடியிருப்புப் பகுதிச் சட்டம் டர்பன் இந்தியர்களை ஊருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்கும் பிறகு ஃபீனிக்ஸுக்கும் துரத்தியது. மேகசின் பாரக்ஸ் 1960களில் இடிக்கப்பட்டது. விக்டோரியா தெரு மார்க்கெட் 1973இல் எரிந்தது. துரத்தப்பட்டவர்கள் போன இடமெல்லாம் பன்னிக் கடையும் போனது. இன்று கிரே தெருவுக்கு விடுதலைப் போராட்ட வீரர் யூசுஃப் தாதுவின் பெயர்.

பீன்ஸா, மட்டனா

இன்று டர்பனுக்குப் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்வது மட்டன் பன்னி. எலும்போடு வெந்த கறி, குழம்பை உறிஞ்சிய பெரிய உருளைக்கிழங்குத் துண்டு, செக்கச்செவேலென்ற மசாலா. அதன் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் வரலாற்றில் முதலிடம் பீன்ஸ் பன்னிக்கே உரியது. பனியாக்களின் கடைகள் சைவக் கடைகள். கிரே தெருவில் ஜி. சி. கபிதானின் சைவ உணவகம் புகழ்பெற்றதே பீன்ஸ் பன்னியால்தான். பீன்ஸைக் கறி வாங்க முடியாதவர்களின் மாற்று என்று எழுதுவது தவறு. மூலம் அது, கறி பின்னால் வந்து சேர்ந்தது.

அந்தக் கடைகளின் முதலாளிகள் குஜராத்திகள் என்றாலும், பிறகு இந்த உணவை வளர்த்த கடைகளில் தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன. கவுண்டன்ஸ் என்ற கடை அவற்றில் பேர்பெற்றது. குழம்பில் சோம்பும் கறிவேப்பிலையும் மணப்பது தென்னிந்தியக் கை. தமிழ் பேச்சு வழக்கிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்ட வீடுகளிலும் புரட்டாசி விரதம் மறையவில்லை. அந்த மாதம் முழுக்க அசைவம் தொடாத குடும்பங்கள் டர்பனில் ஏராளம். புரட்டாசி வந்தால் பீன்ஸ் பன்னிக்குத் தனி மரியாதை.

உறவுமுறை

டர்பனிலிருந்து உள்நாட்டுக்குள் போன பன்னி, ஜோஹானஸ்பர்க் பகுதியில் 'கோட்டா' ஆனது. கால் பிரெட்டுக்குள் உருளைக்கிழங்கு வறுவல், சீஸ், முட்டை, 'ரஷ்யன்' எனப்படும் சாசேஜ், கூடவே அச்சார் என்ற பெயரிலேயே மாங்காய் ஊறுகாய். கேப் டவுனில் நீண்ட பிரெட்டைப் பிளந்து நிரப்பும் 'காட்ஸ்பி' 1976இல் ஆத்லோனில் ரஷாத் பாண்டியின் கடையில் உருவானது. டிரினிடாடுக்குப் போன இந்தியர்களின் 'டபுள்ஸ்', மும்பை தாதரில் 1966இல் அசோக் வைத்யா விற்கத் தொடங்கிய வடா பாவ் எல்லாம் இதே குடும்பம். அமெரிக்காவில் சிகாகோவின் ஹாட் டாக் நெருங்கிய உறவு. விவேகானந்தர் உரையாற்றிய சர்வசமயப் பேரவை நடந்த அதே 1893 உலகக் கண்காட்சியின்போது, ஆஸ்திரிய ஹங்கேரியிலிருந்து குடியேறிய எமில் ரீச்சல், சாம் லடானி என்ற இருவர் சாசேஜ் விற்றார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அதன்மேல் வெங்காயம், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மிளகாய் என்று குவித்து ஒரு நிக்கலுக்கு, அதாவது ஐந்து சென்ட்டுக்கு, கொடுத்ததில் அது ஒரு வேளைச் சாப்பாடாயிற்று. குடியேறியவர்கள், மலிவான பிரெட், நின்றபடி சாப்பிடும் உழைப்பாளி: எங்கும் இதே மூன்றும்தான்.

ரமணாசிரமப் பகுதியில் வீட்டில் செய்ய

இனித் திருவண்ணாமலைக்கு வருவோம். அங்கே செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் சைவக் கடைகளே மிகுதி, பேக்கரிகளும் உண்டு. வீடு எடுத்துத் தங்குகிறவர்களும் உள்ளூர்க் குடும்பங்களும் பீன்ஸ் பன்னியைச் சிரமமில்லாமல் செய்யலாம். பேக்கரியில் ஸ்லைஸ் போடாத பால் பிரெட் கேட்டு வாங்க வேண்டும், அன்று காலை சுட்டது. 400 கிராம் பிரெட் இரண்டு வாங்கினால் நான்கு பேருக்கு ஆளுக்கு அரை. மிகவும் இனிப்பான பிரெட் குழம்போடு ஒட்டாது.

டர்பன் சுகர் பீன்ஸுக்கு நெருக்கமானது மளிகைக் கடையில் கிடைக்கும் சித்ரா ராஜ்மா. 250 கிராம் எடுத்து இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுக்கும், இதில் அவசரம் கூடாது. ராஜ்மா பிடிக்காதவர்கள் நம் மொச்சையைப் போடலாம். எனக்கு மொச்சையே பிடிக்கும், காரம் அதில் நன்றாக ஏறுகிறது.

நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு துண்டு பட்டை, அரைத் தேக்கரண்டி சீரகம், அதே அளவு சோம்பு தாளித்து, பொடியாக அரிந்த இரண்டு வெங்காயத்தைச் சிவக்க வதக்கவும். ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது. அடுப்பைத் தணித்து இரண்டு தேக்கரண்டி மிளகாய்த் தூள், ஒரு மேசைக்கரண்டி மல்லித் தூள், சிறிது மஞ்சள் சேர்த்து எண்ணெயிலேயே நிறம் இறங்க விட வேண்டும். டர்பன் குழம்பின் சிவப்பு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. மூன்று தக்காளி கரைந்ததும், தோல் சீவி நாலாக நறுக்கிய இரண்டு பெரிய உருளைக்கிழங்கும் வெந்த பயறும் உப்பும் போட்டு, இரண்டு குவளைத் தண்ணீர் விட்டு மூடி வைக்கலாம். கிழங்கு வெந்த பின் கொஞ்சம் பயறைக் கரண்டியால் மசித்துவிட்டால் குழம்பு கெட்டிப்படும். தேங்காய் வேண்டாம், புளி வேண்டாம். தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் குருமாவைவிடச் சற்றுத் தளர்வாக இருப்பதே பதம். மல்லித்தழை தூவி இறக்கி, பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிரெட் கரைந்துபோகும்.

பிரெட்டைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தி, ஓரத்தில் ஒரு விரல் கனம் விட்டுக் கத்தியால் சதுரமாகக் கீறி, நடுவை ஒரே துண்டாகப் பிடுங்கவும். இந்தத் துண்டுக்கு டர்பனில் 'வெர்ஜின்' என்று பெயர். அடிப்பகுதி ஓட்டையாகக் கூடாது. குழம்பை விளிம்பு வரை நிரப்பி, பிடுங்கிய துண்டை மேலே வைத்து, துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய் மூன்றையும் எலுமிச்சைச் சாறில் பிசறிப் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. அந்தத் துருவலை டர்பனில் 'சம்பல்' என்பார்கள்.

பிடுங்கிய துண்டைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுத் தொடங்க வேண்டும். பிறகு சுவரை மேலிருந்து சிறிது சிறிதாகப் பிய்த்து இறங்க வேண்டும். குழம்பு நிற்கும் மட்டத்துக்குக் கீழே கை போனால் எல்லாம் வழிந்துவிடும். நிரப்பிய கால் மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதற்கு மேல் அடிப்பகுதி தாங்காது.