கரையும் பிள்ளையார், கரையாத பிள்ளையார்

1809-இல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினார்கள். அல்சூர் கிராமத்தை ஒட்டிக் கன்டோன்மென்ட் எழுந்தது. படைக்குப் பின்னாலேயே சென்னை ராஜதானித் தமிழர்களும் வந்தார்கள்: சிப்பாய்கள், கொத்தனார்கள், சமையல்காரர்கள், சரக்கு சப்ளை செய்த முதலியார்கள். 1834-இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் வந்து சேர்ந்தது. அதன் மையம் இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது.

வந்தவர்களுக்கு முன்பே சோமேசுவரர் அங்கே குடியிருந்தார். கோயிலின் தொடக்கம் சோழர் காலம் என்பார்கள். இன்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி விஜயநகரப் பாணி. இந்த வட்டாரத்தை ஆண்ட கெம்பே கவுடரின் கனவில் சோமேசுவரர் தோன்றிப் புதையலைக் காட்டிக் கோயில் எழுப்பச் சொன்னார் என்ற கதையும் உண்டு. கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் புழங்கிய ஊரில் பண்டிகைக்குக் குறைவிருக்குமா? ஆவணியில் கௌரி-கணேசா தொடங்கினால், செப்டம்பர் 8-இல் சிவாஜிநகர் மரியன்னை ஆலயத் திருவிழா, பிறகு தசரா, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று பொங்கல் வரை ஓயாது. ஒன்று முடிவதற்குள் மனசு அடுத்ததன் கணக்குக்குப் போய்விடுகிறது என்று இப்போது எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள்.

களிமண் பிள்ளையாரிடம் அந்த அவசரம் பலிக்காது.

தமிழ் வீடுகளின் பழைய வழக்கம் இது. சதுர்த்தியன்று காலையில் மணையைத் துடைத்துக் கோலம் போட்டுக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போக வேண்டும். குயவர் ஈரக் களிமண்ணை அச்சில் அமுக்கித் தட்டி எடுத்து மணைமேல் உட்கார வைப்பார். இரண்டு குன்றிமணிகளைப் பதித்தால் கண் திறந்தாயிற்று. பின்னால் ஒரு காகிதக் குடை, கழுத்தில் எருக்கம்பூ மாலை. ஈரம் காயாத பிள்ளையாரை இரண்டு கையாலும் ஏந்தி வீடு வந்து சேரும்வரை நினைப்பு வேறெங்கும் போகக் கூடாது. போனால் தும்பிக்கை போய்விடும்! கன்னட வீடுகளில் முந்தின நாளே கௌரி வந்துவிடுவாள். முறத்தில் வளையல், மஞ்சள், குங்குமம், தானியம் வைத்து மூடிச் சுமங்கலிகளுக்குக் கொடுப்பார்கள். அந்தக் களிமண் கௌரியும் மகனோடு சேர்ந்துதான் தண்ணீருக்குப் போவாள்.

அன்று மாலையோ, மூன்றாம் நாளோ, ஐந்தாம் நாளோ கரைத்துவிட வேண்டும். விருந்தாளி புறப்படும் நாள் தெரிந்திருந்தால்தான் இருக்கும் நாளில் உபசாரம் ஒழுங்காக நடக்கும்.

வீட்டுப் பிள்ளையாரைத் தெருவுக்கு அழைத்து வந்ததில் திலகருக்குப் பெரும் பங்கு உண்டு. 1893-இல் புனேயில் அவர் அதைப் பொது விழாவாக வளர்த்தெடுத்தார். பெங்களூரில் பசவனகுடியின் புகழ்பெற்ற கணேச உற்சவம் 1962-இல் தொடங்கியது. பந்தல்கள் பெருகப் பெருக உருவங்களும் வளர்ந்தன. பெரிய உருவத்துக்குக் களிமண் கனம், காய நாள் பிடிக்கும், அவசரப்பட்டால் வெடிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒரேயடியாகத் தீர்த்தது. அச்சில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் இறுகும், எடை குறைவு, மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தாலும் கெடாது. ஒரே ஒரு குறை: தண்ணீரில் கரையாது.

கரையாத கைகளும் கால்களும், சாயத்திலிருந்த ஈயமும் குரோமியமும் நீர்நிலைகளில் சேர்ந்தன. சுமார் 120 ஏக்கர் அல்சூர் ஏரியில் சிலைகளுக்கென்று தனிக் கல்யாணிக் குளமே ஒதுக்க வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அந்தப் பழியைப் பிள்ளையார்மேல் போட முடியாது. சாக்கடை கலந்து ஆக்ஸிஜன் குறைந்ததுதான் காரணம் என்றார்கள். ஆனால் அதே ஆண்டில்தான் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளில் பிளாஸ்டர் சிலைகளைக் கரைக்கத் தடை போட்டது. 2020-இல் மத்திய வாரியமும் தன் வழிகாட்டு நெறிகளில் பிளாஸ்டரை விலக்கியது.

ஏரியைப் பற்றிய கவலை நியாயமானது. அதோடு இன்னொரு நஷ்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் கிடங்கில் காத்திருந்து லாரியில் வந்து இறங்கும் பிள்ளையாருக்கு நம் கை தேவைப்படுவதில்லை. கையில் வேலை இல்லாதவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், அடுத்த பந்தலுக்கு நகர்கிறார்கள்.

கன்டோன்மென்ட் பக்கத்துப் பாட்டரி டவுனில் குயவர் குடும்பங்கள் இன்றும் களிமண் பிள்ளையார் செய்கின்றன. சாயம் பூசாததாகக் கேட்டு வாங்குங்கள். கரைப்பதற்கு ஏரிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டாம்; தெருவுக்கு வரும் மாநகராட்சியின் நடமாடும் தொட்டியும் வேண்டாம். பூவையும் அருகம்புல்லையும் எடுத்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரில் இறக்குங்கள். சில மணி நேரத்தில் கரைந்துவிடும். அந்தச் சேற்றைத் துளசித் தொட்டியில் ஊற்றுகிற வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள்.