டோக்கியோவின் கதவைத் தட்டிய எக்ஸ்பாக்ஸ்

சேகா நிறுவனம் கன்சோல் தயாரிப்பையே கைவிட்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த அறிவிப்பு வந்தது 2001 ஜனவரி 31 அன்று. இரண்டே மாதத்தில், டோக்கியோ கேம் ஷோ மேடையில் மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ் ஏறினார். இன்னும் கடைக்கே வராத எக்ஸ்பாக்ஸுக்கு சேகா 11 கேம்களைத் தரப்போகிறது என்ற செய்தி அங்கே வெளியானது. களத்திலிருந்து ஒருவர் விலகினார். அவருடைய கைவினைஞர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இன்னொருவர் இறங்கினார்.

ஜப்பான் மைக்ரோசாஃப்டுக்குப் புதிய இடமல்ல. 1983லேயே ஆஸ்கி நிறுவனத்தின் கஸுஹிகோ நிஷியுடன் சேர்ந்து எம்.எஸ்.எக்ஸ் என்ற வீட்டுக் கணினித் தரத்தை அது உருவாக்கியிருந்தது. ஹிடியோ கொஜிமாவின் முதல் ‘மெட்டல் கியர்’ 1987இல் வெளிவந்தது அந்த வரிசையின் எம்.எஸ்.எக்ஸ்2 கணினியில்தான். ஆனால் கன்சோல் சந்தை வேறு. நின்டெண்டோவும் சோனியும் சொந்த மண்ணில் வேரோடியிருந்தன. நின்டெண்டோவையே விலைக்குக் கேட்டுப் பார்த்ததையும், அவர்கள் அதைச் சிரித்துத் தள்ளியதையும் மைக்ரோசாஃப்டின் முன்னாள் அதிகாரிகளே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

2002 பிப்ரவரி 22 அன்று எக்ஸ்பாக்ஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 34,800 யென். டோக்கியோவின் ஷிபுயாவில் முதல் கன்சோலைத் தம் கையாலேயே வழங்கினார் கேட்ஸ். சில நாள்களுக்குள், டிஸ்க்கில் கீறல் விழுகிறது என்ற புகார்கள் கிளம்பின. புதிதாக வந்தவர் மீது சந்தேகம் விழ அது போதுமானதாக இருந்தது.

ஆனாலும் மைக்ரோசாஃப்ட் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவில் விற்ற கன்ட்ரோலர் மிகப் பெரியது. ஜப்பானியர் பலருக்கு அது கைக்கு அடங்கவில்லை. அவர்களுக்கென்றே சிறிய கன்ட்ரோலர் ஒன்று வடிவமைக்கப்பட்டது. அதற்கு உள்ளே வைத்த பெயர் ‘அகெபோனோ’. ஹவாயில் பிறந்து, ஜப்பானுக்குப் போய், சுமோவின் உச்சப் பட்டமான யோகோஸுனாவை வென்ற முதல் வெளிநாட்டவர் அகெபோனோ. அயல் மண்ணிலிருந்து போய் வெல்லத் துடித்த நிறுவனத்தின் ஆசை அந்தப் பெயரில் தெரிகிறது. பிறகு அமெரிக்க ரசிகர்களும் அந்தச் சின்னக் கன்ட்ரோலரையே கேட்டார்கள். உலகம் முழுவதும் அதுவே நிலைத்தது.

டெக்மோவின் டொமோனோபு இடகாகி எக்ஸ்பாக்ஸின் திறனை நம்பி ‘டெட் ஆர் அலைவ் 3’, ‘நிஞ்ஜா கெய்டன்’ இரண்டையும் தந்தார். சேகாவிடமிருந்து ‘பான்ஸர் டிராகூன் ஓர்டா’ வந்தது. எல்லாம் அருமையான ஆக்கங்கள். இருந்தும் உலகெங்கும் 2.4 கோடி விற்ற அந்தக் கன்சோல், ஜப்பானில் 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

அடுத்த முயற்சிதான் இந்தக் கதையின் இதயம். ‘ஃபைனல் ஃபேன்டஸி’யைப் படைத்த ஹிரோனோபு சகாகுச்சி, 2001இல் தாம் இயக்கிய திரைப்படம் பெரும் நட்டத்தில் முடிந்தபின் ஸ்குவேர் நிறுவனத்தை விட்டு விலகியிருந்தார். 2004இல் மைக்ரோசாஃப்டின் ஆதரவோடு மிஸ்ட்வாக்கர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2006 டிசம்பரில் மைக்ரோசாஃப்டின் அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360க்கு ‘ப்ளூ டிராகன்’ வந்தது. பாத்திரங்களை வரைந்தவர் ‘டிராகன் பால்’ அகிரா டொரியாமா. இசை நொபுவோ உஎமட்சு. ஜப்பானியர் தலையில் வைத்துக் கொண்டாடும் கலைஞர்கள் ஓர் அமெரிக்கக் கன்சோலுக்காக ஒன்றுசேர்ந்தார்கள்.

மறு ஆண்டு ‘லாஸ்ட் ஒடிஸி’ நான்கு டிஸ்க்குகளில் வந்தது. நாயகன் கைம் ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்தவன், சாக முடியாதவன், நினைவை இழந்தவன். அவனுடைய நினைவுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும்போது திரையில் சண்டையும் இல்லை, ஓட்டமும் இல்லை. எழுத்து மட்டும் மெல்ல மெல்லத் தோன்றும்; நாம் படிக்க வேண்டும். அந்தச் சிறுகதைகளை எழுதியவர் நவோகி விருது பெற்ற கியோஷி ஷிகெமட்சு. ஆங்கிலத்தில் தந்தவர் ஹருகி முரகாமியின் மொழிபெயர்ப்பாளர் ஜே ரூபின். வீடியோ கேமுக்குள் இலக்கியத்துக்கு இவ்வளவு பொறுமையோடு இடம் கொடுத்த பெருநிறுவனப் படைப்புகள் மிகக் குறைவு. சந்தைக் கணக்கு என்ன சொன்னாலும், மைக்ரோசாஃப்ட் ஜப்பானில் போட்ட பணத்திலேயே மிக நன்றாகச் செலவான பணம் இதுதான் என்பேன். 2016இல் ‘ப்ளூ டிராகன்’, ‘லாஸ்ட் ஒடிஸி’ இரண்டையும் பிந்தைய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் ஓடும்படி செய்ததற்காகவும் அந்த நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும்.

அந்தச் சில ஆண்டுகள் உண்மையிலேயே செழிப்பானவை. கேப்காமின் ‘டெட் ரைசிங்’ முதலில் வந்தது 360இல்தான். சோனியின் பிளேஸ்டேஷன் 3இல் நிரல் எழுதுவது கடினமாக இருந்ததால், இந்தப் பக்கம் திரும்பியவர்கள் பலர். 2008 ஆகஸ்டில் ‘டேல்ஸ் ஆஃப் வெஸ்பெரியா’ வந்தபோது ஜப்பானியக் கடைகளில் 360 தட்டுப்பாடே ஏற்பட்டது. காலப்பயணக் கதையான ‘ஸ்டெயின்ஸ்;கேட்’ 2009இல் அரங்கேறியதும் இந்தக் கன்சோலில்தான். ஆனாலும் ஜப்பான் விற்பனை 16 லட்சத்தோடு நின்றது.

பிறகு வந்தது புறக்கணிப்பு. 2013 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான எக்ஸ்பாக்ஸ் ஒன், ஜப்பானுக்கு வர 2014 செப்டம்பர் ஆனது. பிளாட்டினம் கேம்ஸில் ஹிடெகி கமியா அதற்காக உருவாக்கிக்கொண்டிருந்த ‘ஸ்கேல்பவுண்ட்’ 2017 ஜனவரியில் கைவிடப்பட்டது. ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் மொத்த விற்பனை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது.

2014இல் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் பொறுப்பேற்ற ஃபில் ஸ்பென்சர் அறுந்த இழைகளை மீண்டும் முடிச்சிட உழைத்தார் என்பதை மறுக்க முடியாது. 2020இல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்கள் உலகோடு ஒரே நாளில் ஜப்பானிலும் வெளியாயின. 2023 ஜூலையில் ஸ்குவேர் எனிக்ஸ் மேடையிலேயே அவர் தோன்ற, ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ எக்ஸ்பாக்ஸுக்கு வரும் என்ற அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு மார்ச்சில் அது வந்தும் சேர்ந்தது.

இதற்கிடையே, 2021இல் ஜெனிமேக்ஸ் என்ற கேம் நிறுவனத்தை 750 கோடி டாலருக்கு வாங்கியபோது, கேம் இயக்குநர் ஷின்ஜி மிகாமி நிறுவிய டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸும் மைக்ரோசாஃப்டின் கைக்கு வந்திருந்தது. 2023 ஜனவரி 25 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் அவர்கள் வெளியிட்ட ‘ஹை-ஃபை ரஷ்’ இசைத்தாளத்துக்கு அடிவைத்துச் சண்டையிடும் கேம். அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த ஒலி வடிவமைப்புக்கான விருதையும் வென்றது. எக்ஸ்பாக்ஸ் இருபது ஆண்டுகளாகத் தேடியது இதைத்தானே!

2024 மே மாதம், அந்த ஸ்டூடியோவை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இதை வணிக முடிவு என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அது பெரும் பிழை. தோற்றவர்களைக் கைவிடுவதற்காவது ஒரு கணக்கு இருக்கும். இவர்கள் வென்றவர்கள். மூன்றே மாதத்தில் தென்கொரியாவின் கிராஃப்டன் முன்வந்து, டாங்கோவின் கலைஞர்களையும் ‘ஹை-ஃபை ரஷ்’ உரிமையையும் ஏற்றுக்கொண்டது. ஜப்பானில் மைக்ரோசாஃப்ட் தனக்கென வைத்திருந்த ஸ்டூடியோ இன்று ஒரு கொரிய நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

(தொடரும்)