ஈட்டி மரத்தின் பயணம்: விசாகப்பட்டினப் பெட்டி முதல் கிட்டாரின் முதுகு வரை

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், அதாவது நம் தோதகத்தி, உலக மரச் சந்தையில் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக விலைபோகிறது. அதன் அழகும் ஓசையும் இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வரலாற்றைப் பார்த்தால், இந்த மரத்தின் போக்கைத் திருப்பியவை பெரும்பாலும் அரசாணைகளும் ஏற்றுமதித் தடைகளுமே. அந்தச் சட்டங்களும் வெட்டிய கட்டை எங்கே போகலாம் என்பதைத்தான் விரிவாகப் பேசின. வளர வேண்டிய மரத்தைப் பற்றி அவை சொன்னது மிகக் குறைவு. இந்தக் குறையின் வரலாற்றைத் தொகுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈட்டிக்கு டால்பெர்ஜியா லாட்டிபோலியா என்ற அறிவியல் பெயரை இட்டவர் வில்லியம் ராக்ஸ்பர்க். 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் பிளாக்வுட், ரோஸ்வுட் என்ற இரு பெயர்களிலும் இம்மரம் வருவதால், ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும். கட்டையை அறுத்தால் ஓரத்தில் வெளிறிய மஞ்சள் வளையம் தெரியும். அதற்கு உள்ளே வயிரம் ஊதா கலந்த பழுப்பாக, கருவரிகள் ஓடியபடி இருக்கும். இழைக்கும்போது இனிய மணம் எழும். மரத்தின் நாளங்களில் சுண்ணாம்புப் படிவுகள் உள்ளதால் உளியும் ரம்பமும் விரைவில் மழுங்கும். ஆசாரிகள் அடிக்கடி சாணை பிடிக்க நேரும். ஈட்டி வேலைக்குக் கூலி கூடுதல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தந்தமும் அரக்கும்

உலகின் கண்ணில் ஈட்டியை முதலில் கொண்டு நிறுத்தியவர்கள் 18ஆம் நூற்றாண்டின் விசாகப்பட்டினக் கைவினைஞர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக அவர்கள் செய்த எழுதுபெட்டிகளிலும் நாற்காலிகளிலும் கருமையான மரத்தின் மேல் தந்தத் துண்டுகள் பதிந்திருக்கும். தந்தத்தில் கொடிகளையும் பூக்களையும் கீறி, கீறலில் கறுப்பு அரக்கை நிரப்பித் தேய்த்துவிடுவார்கள். மேசையின் வடிவம் ஐரோப்பியருடையது. பூவேலை நம் கைவினைஞருடையது. 19ஆம் நூற்றாண்டில் பம்பாயில், ஒரு விரற்கடை இடம்கூட விடாமல் செதுக்கிய பிளாக்வுட் நாற்காலிகள் பெயர் பெற்றன. மைசூரில் வளர்ந்த பதிப்பு வேலை இன்று புவிசார் குறியீடு பெற்று நிற்கிறது. தந்தத்துக்குத் தடை வந்தபின், அங்கே வெவ்வேறு நிற மரத்துண்டுகளே தந்தத்தின் இடத்தைப் பிடித்தன.

காட்டில் நடந்தது வேறு. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்கு உரிய மரங்களாக இருந்தன. யார் நிலத்தில் முளைத்தாலும் அவை அரசுடைமைதான். தன் நிலத்தில் முளைத்த ஈட்டிக் கன்றால் தனக்கு ஒரு பயனும் இல்லை என்று அறிந்த உழவருக்கு, அதை வளரவிட என்ன காரணம் இருக்கும்? கப்பல் கட்டத் தேவைப்பட்ட தேக்குக்கு மட்டும் நற்காலம் வாய்த்தது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலியும் அவரிடம் பணியாற்றிய சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார்கள். 1856இல் சென்னை மாகாண வனத்துறை ஹியூ கிளெக்ஹார்ன் தலைமையில் உருவானது. ஈட்டிக்கு அந்த அளவில் தோட்டம் எதுவும் அமையவில்லை. மெல்ல வளரும் மரத்தில் முதலீடு செய்ய ஆளில்லை. கூடலூர், வயநாடு, குடகுப் பகுதிகளின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கவிட்ட ஈட்டிகள்தாம் காட்டுக்கு வெளியே பெருமளவில் தப்பியவை.

பிரேசிலின் கதவு அடைபட்டபோது

கிட்டாரின் வரலாற்றில் ஈட்டி தாமதமாகவே நுழைந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உயர்தரக் கிட்டாரின் முதுகுக்கும் பக்கப் பலகைகளுக்கும் வெகுகாலம் பிரேசில் ரோஸ்வுட்டே முதல் தேர்வு. 1833இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் தொடங்கிய நிறுவனத்தின் சிறந்த கிட்டார்கள் அதில்தான் உருவாயின. 1960களில் அகலமான பலகை கிடைப்பது அரிதாயிற்று. 1965இல் அந்நிறுவனம் வெளியிட்ட டி-35 மாதிரியில், முதுகு வழக்கமான இரண்டு பலகைகளுக்குப் பதிலாக மூன்று குறுகிய பலகைகளால் ஆனது. அதை அழகு என்று பாராட்டியவர்கள் உண்டு. அதன் பிறப்புக்குக் காரணம் மரத் தட்டுப்பாடு.

அடுத்து, உருட்டுக் கட்டையை வெளியே அனுப்ப பிரேசில் அரசு தடை விதித்தது. அந்நாட்டிலேயே அறுத்த பலகையை மட்டுமே வாங்க முடியும் என்றானது. அப்படி வந்த பலகையின் அறுப்பு கிட்டாருக்கு ஏற்றதாக இல்லை. 1969இன் இறுதியில் மார்ட்டின் தன் வழக்கமான மாதிரிகளை இந்திய ஈட்டிக்கு மாற்றியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். பிரேசிலின் ஒரு வணிக விதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மரத்தை நாஷ்வில், மாட்ரிட் பட்டறைகளுக்கு அழைத்துச் சென்ற கதை இது.

கிட்டாருக்குக் கட்டையின் மையத்திலிருந்து ஆரம் போல அறுத்த பலகைதான் வேண்டும். அப்போதுதான் வரிகள் நேராக ஓடும், பலகை வளையாது. ஒரே துண்டை ஏடுபோல இரண்டாகப் பிளந்து விரித்தால், இரு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமையும். அதை இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்குவார்கள். விரல் மூட்டால் தட்டினால் நீண்டு ஒலிக்கும் பலகையை முதலில் ஒதுக்கிவைப்பது பட்டறை வழக்கம்.

ஆனால் அந்த ஒலி கிட்டாரின் ஒலியை எவ்வளவு தீர்மானிக்கிறது? ஸ்பானியக் கலைஞர் அந்தோனியோ டி டோரஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழால் செய்து, மேற்பலகையே முதன்மை என்று காட்டினார். 2018இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் கார்காக்னோவும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் துல்லியமானது. முதுகு மரம் மட்டும் மாறிய ஆறு கிட்டார்களை 52 கலைஞர்கள், மரம் கண்ணுக்குத் தெரியாத நிலையில் வாசித்தனர். பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் இந்திய ஈட்டிக்கும் விலை குறைந்த மரங்களுக்கும் கிடைத்த மதிப்பெண்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. நம் வீணை பலாவிலும் நாகஸ்வரம் ஆச்சாவிலும் உருவாவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. நல்ல ஓசைக்கு அரிய மரம்தான் வேண்டும் என்ற நம்பிக்கையை இனியும் வளர்ப்பது காட்டுக்குச் செய்யும் தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

சட்டங்களின் வரிசை

1992இல் பிரேசில் ரோஸ்வுட், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்ந்தது. இந்திய ஈட்டி 2011இல் அமெரிக்க நீதித்துறையின் பார்வைக்கு வந்தது. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனில் அதிகாரிகள் சோதனையிட்டபோது, இந்தியாவிலிருந்து போன விரல்பலகைத் துண்டுகள் செய்து முடித்த பாகமா, ஏற்றுமதி தடைபட்ட அறுத்த மரமா என்ற கேள்வி எழுந்தது. 2012இல் ஏற்பட்ட உடன்பாட்டில், அவற்றை வகைப்படுத்துவதில் தெளிவின்மை இருப்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

சீனாவில் ரோஸ்வுட் உள்ளிட்ட செந்நிற மர அறைகலனுக்கான மோகம் பெருகி, உலகெங்கும் ரோஸ்வுட் கடத்தல் வளர்ந்தது. அதன் விளைவாக 2017 ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் சைட்டீஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிட்டார்களை எல்லை கடந்து விற்பவர்கள் அனுமதிச் சீட்டுக்கு அலைய நேர்ந்தது. 2019இல் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கும், 2022 பனாமா மாநாட்டில் பத்து கிலோவுக்கு உட்பட்ட இந்தியக் கைவினைப் பொருள்களுக்கும் விலக்கு கிடைத்தது. இது கைவினைஞர்களுக்கு உண்மையான நிவாரணம்.

உள்ளூரில் சட்டத்தின் கதை வேறு. பட்டா நிலத்து ஈட்டியையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்ற தமிழ்நாடு ரோஸ்வுட் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு முறை நீட்டிக்கப்பட்டு, 2025 பிப்ரவரியில் காலாவதியானது. ஈட்டியில் நல்ல வயிரம் ஏற அறுபது, எழுபது ஆண்டுகளாவது வேண்டும். அப்படிப்பட்ட மரத்துக்குப் பதினைந்து பதினைந்து ஆண்டுகளாகப் பாதுகாப்பு கொடுத்தது பொருத்தமில்லாத ஏற்பாடு. இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வயநாட்டு முட்டில் சாட்சி. 2020 அக்டோபரில் கேரள வருவாய்த் துறை பிறப்பித்த ஓர் உத்தரவைக் காட்டி அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டிகள் வெட்டப்பட்டன.

இதே மரம் ஜாவாவில் சோனோகெலிங் என்ற பெயரில் தோட்டமாக வளர்ந்து, கிட்டார் பட்டறைகளுக்குப் போகிறது. ஈட்டி வேரிலிருந்தே கன்று விடும். அங்கே அதைப் பயன்படுத்திப் பெருக்குகிறார்கள். தாயகமான நம் மலையடிவாரத்தில் அது முடியாத காரியம் அல்ல. மர ஆராய்ச்சி நிறுவனம் கோவையிலேயே இருக்கிறது. நிழல் மரம் வளர்க்கும் காப்பித் தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். மரத்தை வெட்டாமல் நிற்கவிடுவோருக்கு ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை, நட்டவருக்கே சட்டபூர்வ உரிமை, காலவரையற்ற பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஒரே சட்டத்தில் தமிழக அரசு கொண்டுவர வேண்டும்.