நுரையில் தெரிந்த செம்பு

மெல்லிய செம்புக் கம்பியைக் கையாலேயே வளைத்துவிடுகிறோம். 1926-இல் யாகவ் ஃபிரெங்கெல் போட்ட கணக்குப்படி அது நடக்கவே கூடாது. படிகத்தில் ஓர் அணு அடுக்கு மொத்தமாக இன்னொன்றின் மேல் வழுக்க வேண்டுமென்றால், சோதனையில் காண்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் விசை வேண்டும்.

1934-இல் டெய்லர், ஓரோவன், போலன்யி மூவரும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள். பெரிய ஜமக்காளத்தை அப்படியே இழுத்துப் பாருங்க, லேசில் நகராது. ஓரத்தில் ஒரு மடிப்பு உண்டாக்கி, அதை மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போனால் சுலபமாக நகர்ந்துவிடும். படிகத்திலும் அப்படி ஒரு மடிப்புதான் ஓடுகிறது, அதன் பெயர் டிஸ்லொகேஷன் என்றார்கள். அழகான விடை. ஆனால் அந்த மடிப்பை யாரும் கண்ணால் பார்த்ததில்லையே!

இங்கேதான் எக்ஸ் கதிர் புகழ் லாரன்ஸ் பிராக் வருகிறார். புல்வெட்டும் எந்திரத்துக்காகப் பெட்ரோலில் எண்ணெய் கலக்கும்போது, மேலே மிதந்த குமிழிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதைக் கவனித்தாராம். கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜான் நையுடன் சேர்ந்து அதையே சோதனையாக்கி, 1947-இல் கட்டுரை வெளியிட்டார். செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. சோப்புக் கரைசலுக்குள் நுண்குழாய் வழியே ஒரே அழுத்தத்தில் காற்றை ஊதினால், ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ ஒரே அளவுக் குமிழிகள் மேலே வரும். ஒவ்வொரு குமிழியும் தன்னைச் சுற்றி நீர்ப்பரப்பைச் சற்று வளைக்கிறது. அந்த வளைவுகள் சேரும்போது பரப்பு இழுவிசை குமிழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் இழுக்கிறது. ரொம்ப நெருங்கினால் குமிழியே நசுங்க மறுத்து எதிர்த்துத் தள்ளும். தூரத்தில் இழுப்பு, நெருக்கத்தில் தள்ளல். உலோக அணுக்களுக்கிடையிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

லட்சக்கணக்கான குமிழிகள் கொண்ட அந்த மிதக்கும் தளம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். பக்கவாட்டில் இழுத்தால் வரிசை மொத்தமாக நகராது. ஒரு கோணல் மட்டும் விறுவிறுவென்று குறுக்கே ஓடும். காகிதத்தில் இருந்த மடிப்பு, தட்டில்! கிளறிவிட்டால் சின்னச் சின்னப் படிகத் துண்டுகளாகி, கொஞ்ச நேரத்தில் தானே சீராகும். உலோகத்தைக் காய்ச்சிப் பதப்படுத்தும்போது நடப்பதன் சாயல்.

இது நிரூபணமா என்றால், கறாராகப் பார்த்தால் இல்லை. சோப்பு நுரை செம்பு ஆகாது. ஆனாலும் டிஸ்லொகேஷன் எப்படி நகரும் என்பதைக் கண் பழகிக்கொண்டது இங்கேதான் என்பது என் கணிப்பு. 1956-இல் அதே கேவண்டிஷில் ஹிர்ஷ், ஹோர்ன், வீலன் மூவரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அலுமினியத் தகட்டுக்குள் நிஜ டிஸ்லொகேஷன்கள் நகர்வதைப் பார்த்தார்கள்.

பிராக்–நை கட்டுரையை ஃபைன்மன் தன் இயற்பியல் பாடநூலின் இரண்டாம் தொகுதியில் அப்படியே சேர்த்திருக்கிறார். படங்களுக்காகவாவது புரட்டிப் பாருங்க.